பரங்கிக்காய் பேன்கேக்கும் ஒரு பழைய வழக்கும்



வீட்டில் பரங்கிக்காயைத் தொடாத பேரன், பாண்டிச்சேரி ஓட்டலில் பரங்கிக்காய் பேன்கேக் மூன்று தின்றான். நாம் செய்தால் மட்டும் ஏன் களியாகிறது? குற்றவாளி காயல்ல, தண்ணீர். பரங்கியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அதைத் தண்ணீரிலேயே போட்டு வேறு வேகவைக்கிறோம்!

இட்லித் தட்டில் ஆவியில் வேகவைத்து, மசித்து, துணியில் கட்டி அரைமணி வடியவிடுங்கள். ஒரு கப் கோதுமை மாவுக்கு அரை கப் விழுது, முக்கால் கப் புளித்த மோர், ஒரு முட்டை, இரண்டு ஸ்பூன் வெல்லத்தூள், கொஞ்சம் சுக்கு, ஏலக்காய். அரை டீஸ்பூன் ஆப்ப சோடாவைக் கடைசியில் கலந்து உடனே ஊற்றுங்கள். மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து எழுப்பும் வாயு (என்ன வாயு? மறந்தவர்கள் எழுந்து நிற்கவும்) நமக்காகக் காத்திருக்காது. அடுப்பு சிம்மில் இருக்கட்டும். திருப்பியபின் கரண்டியால் அமுக்காதீர்கள்.

மேப்பிள் சிரப் எல்லாம் வேண்டாம், வெல்லப்பாகு போதும் என்பது என் கட்சி. காய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். ஆனால் மார்கழியில் நம் செஞ்சி வாசல்களில் சாணி உருண்டையில் உட்காருவது அதன் பூதானே?

இன்னொன்று. டீச்சரம்மா செய்த பரங்கி அடையை ‘கொழகொழ’ என்று முப்பது வருஷம் ஒதுக்கினேன். மூன்று பிள்ளைகளுக்குச் சோறு கட்டிவிட்டுப் பள்ளிக்கு ஓடியவருக்கு, துணியில் வடியவிட அரைமணி ஏது? அந்த அரைமணியில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஓட்டல் ருசி வேண்டுமென்பவர்தான் துணியைப் பிடிக்க வேண்டும்.

நேற்று நானே செய்து அவருக்குத் தட்டில் வைத்தேன். ஒன்றைத் தின்றுவிட்டு, “உப்பு ஒரு கல் போட்டிருக்கணும்” என்றார்.