உறுமிக்கு எந்த வகை?

மலேசியாவில் செர்டாங் பக்கம் தோட்டக் கோயில் திருவிழாவில் பதிந்த உறுமி மேளத்தைக் கணினியில் ஏற்றினால், வகை என்ன என்று கேட்கும். எம்பி3 கோப்புகளுக்காக 1996இல் எரிக் கெம்ப் வகுத்த ஐடி3 பட்டியலில் 80 வகைகள். போல்காவுக்கு இடமுண்டு, உறுமிக்குக் கிடையாது, ‘எத்னிக்’ மூலையில் ஒதுங்க வேண்டியதுதான். 1998இல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து வகையை நாமே எழுதலாம். எழுதுபவர்தான் குறைவு. எழுதினாலும் குழப்பம்தான். மலேசிய இசைக் குழுவான யோகி பி, நட்சத்திராவின் ‘வல்லவன்’ தொகுப்பு 2006இல் வந்தது. அதை ராப் என்பதா? இளையராஜாவின் ‘மடை திறந்து’ உள்ளே இருப்பதால் சினிமா என்பதா? என்னைக் கேட்டால், பாட்டு ஒலிக்கும் இடத்தையே வகையாக்கிவிடலாம்: காவடி, கல்யாணம், கார்ப் பயணம். தைப்பூசத்துக்கு முதல் நாள் இரவு அவசரமாகத் தேடுகிறவருக்கு ‘எத்னிக்’ உதவாது.