கனமான விசையை இலகுவாக்கலாமா?

கேள்வி: கொடைக்கானல் கீழ்மலையில் காபி, மிளகு, ஆரஞ்சு சாகுபடி செய்கிறேன். வயது 67. தோட்டத்து வீட்டில் நானும் மனைவியும் மட்டுமே இருக்கிறோம். விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வருவார்கள். அப்பா வைத்திருந்த ரிவால்வரை, அவர் காலத்துக்குப் பின் என் பெயருக்கு உரிமம் வாங்கித் தற்காப்புக்காக வைத்திருக்கிறேன். சுத்தியல் வெளியே தெரியாத பழைய மாடல். விரல் மூட்டு வலி வந்த பிறகு விசையை இழுக்கவே முடியவில்லை. டவுனில் லேத் பட்டறை வைத்திருக்கும் தம்பி, 'ஸ்பிரிங்கை மாற்றி, உள்ளே கொஞ்சம் ராவிக் கொடுத்தால் வெண்ணெய் மாதிரி ஆகிவிடும்' என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஐயா, இந்தப் பகுதிக்கு வேர்ப்புழுவும் வாடல் நோயும்தான் வழக்கமாக வரும். துப்பாக்கி வருவது அபூர்வம். ஆனால் தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கும் விவசாயக் குடும்பங்கள் மலைப்பகுதியில் இருக்கின்றன. அவர்களுக்கும் பயன்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டறையில் கொடுக்காதீர்கள்.

வெளியே சுத்தியல் உள்ள ரிவால்வரில் கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தலாம். அதன்பின் விசையைச் சுமார் 2 கிலோ அழுத்தத்தில் இழுத்தாலே சுடும். உங்களுடையதில் அந்த வசதி கிடையாது. உருளையைச் சுழற்றி அடுத்த தோட்டாவைக் கொண்டுவருவது, உள்ளே இருக்கும் சுத்தியலைத் தூக்குவது, அதை விடுவிப்பது ஆகிய மூன்று வேலையையும் ஒரே இழுப்பில் உங்கள் விரல்தான் செய்கிறது. அதற்கு ஏறக்குறைய 5 கிலோ அழுத்தம் வேண்டும். ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை ஒற்றை விரலில் தூக்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கனம் குறை இல்லை. இவ்வகை ரிவால்வரில் பெரும்பாலும் தனியாகப் பூட்டு வைப்பதில்லை. நீண்ட, கனமான அந்த இழுப்புதான் பூட்டு. இரவில் நாய் குரைக்கிறது, பதறி எழுந்து எடுக்கிறோம், இருட்டில் கால் இடறுகிறது. அந்த நேரத்தில் கை தானாக இறுகும். விசை கனமாக இருந்தால், சுட வேண்டும் என்று நினைத்து இழுத்தால்தான் வெடிக்கும். வெண்ணெய் மாதிரி இருந்தால் நினைக்காமலே வெடித்துவிடும். பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

என் வீட்டுக் கதை ஒன்றையும் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சித்தப்பா வீட்டில் தீவனத் தட்டை வெட்டும் இயந்திரம் வாங்கினார்கள். தட்டையை உள்ளே இழுப்பதையும் நிறுத்துவதையும் ஒரு கைப்பிடி பார்த்துக்கொள்ளும். அது கெட்டியாக இருக்கிறது என்று ஊர் மெக்கானிக் அதன் ஸ்பிரிங்கைக் கழற்றினார். பக்கத்தில் நின்ற நானும், 'சரி, சித்திக்குச் சுலபமாக இருக்கட்டும்' என்றேன். விவசாயப் பட்டம் படித்தவன் சொன்னால் யார் மறுப்பார்கள்? மூன்றாவது வாரம், நிறுத்தி வைத்திருந்த கைப்பிடி அதிர்விலேயே நகர்ந்துவிட்டது. சிக்கிய தட்டையை எடுக்கக் கைவிட்டிருந்த சித்திக்கு இரண்டு விரல் நுனிகள் போயின. சித்தி இன்றுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் ஒரு பொருள் கெட்டியாக இருந்தால், அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்காமல் நான் இப்போது யாருக்கும் யோசனை சொல்வதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. சுத்தியலை அடிக்கவைக்கும் ஸ்பிரிங்கை மென்மையாக்கினால் அடியின் வேகம் குறையும். தோட்டாவின் அடியில் உள்ள பிரைமர் பற்றாமல் போகலாம். பழைய தோட்டா என்றால் அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். சில சமயம் சில நொடி தாமதித்து வெடிப்பதும் உண்டு. விசையை முன்னுக்குத் தள்ளும் ஸ்பிரிங்கைத் தளர்த்தினால், ஒருமுறை இழுத்த விசை திரும்பாமல் நின்றுவிடும். உள்பாகங்களின் கடினத்தன்மை பெரும்பாலும் மேல்தோலில்தான் இருக்கும். அரம் போட்டு அதை எடுத்துவிட்டால் தேய்மானம் வேகமாகும், பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. ஆக, வேண்டாத நேரத்தில் வெடிக்கும், வேண்டிய நேரத்தில் வெடிக்காது என்ற நிலை வந்துவிடும்.

'ராணுவத்திலேயே மாற்றியிருக்கிறார்களே' என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். பிரிட்டிஷ் ராணுவத்தின் என்ஃபீல்டு ரிவால்வரில் சுத்தியலின் கொம்பு டாங்கிக்குள் ஏறி இறங்கும்போது மாட்டிக்கொள்கிறது என்ற புகார் வந்தது. 1938-ல் கொம்பை எடுத்துவிட்டு, விசையை மட்டும் இழுத்துச் சுடும் மாடலாக்கினார்கள். ஸ்பிரிங்கையும் கொஞ்சம் இலகுவாக்கினார்கள். ஆனால் அது துப்பாக்கியை வடிவமைத்தவர்கள், ஏற்ற பாகங்களை வைத்துச் செய்த மாற்றம். அதன் பிறகும் குறி சரியாக விழவில்லை என்று சொன்ன வீரர்கள் உண்டு. லேத் பட்டறையில் ஒரு மதியத்தில் செய்யும் வேலை இதற்கு ஈடாகாது.

சட்டத்தையும் பாருங்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி பழுது பார்க்கும் தொழிலுக்கே தனி உரிமம் வேண்டும். உரிமம் இல்லாத பட்டறையில் வேலை நடந்தால் அந்தத் தம்பிக்குச் சிறை, உங்களுக்கும் வழக்கு. அப்பா காலத்திலிருந்து காப்பாற்றி வந்த உரிமமும் ரத்தாகலாம்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில், விசை எப்போதுமே இப்படித்தானா, இப்போதுதான் கெட்டியானதா என்று யோசியுங்கள். பல வீடுகளில் துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். நாளாக அது பிசின் போல இறுகிவிடும். தோல் உறையிலேயே வைத்திருந்தால் மலைப் பனியின் ஈரத்தைத் தோல் பிடித்து வைத்துத் துரு ஏற்றும். இந்த இரண்டும் இருந்தால் உங்கள் விரல் மேல் பாதிப் பழிதான்.

இரண்டாவது, உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடம் உங்கள் உரிமப் புத்தகத்துடன் கொண்டுபோங்கள். தோட்டாவை எடுத்துவிட்டுக் கொண்டுபோவது முக்கியம். 'சுத்தம் செய்து, தேய்ந்த பாகம் இருந்தால் அதே அளவில் மாற்றிக் கொடுங்கள், இழுப்பைக் குறைக்க வேண்டாம்' என்று தெளிவாகச் சொல்லி ரசீது வாங்குங்கள்.

மூன்றாவது, மூட்டு வலிக்கு மருத்துவரைப் பாருங்கள். சுத்தம் செய்து வந்த பிறகு, அந்தக் கடையிலேயே, தோட்டா இல்லாமல், அவர்கள் முன்னிலையில் இழுத்துப் பாருங்கள். நடுங்காமல் முழுதும் இழுக்க முடிந்தால் வைத்துக்கொள்ளலாம். துப்பாக்கியை ஒரு பெட்டியிலும் தோட்டாவை வேறு பெட்டியிலும் பூட்டி, சாவியை உங்கள் இடுப்பில் வையுங்கள்.

அப்போதும் முடியவில்லை என்றால், மனதைத் தேற்றிக்கொண்டு விட்டுவிடுவதே நல்லது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைத்து வைக்கலாம். மகன் பெயருக்கு மாற்றவோ விற்கவோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். அப்பாவின் பொருளைக் கைவிடுகிறோமே என்று வருந்த வேண்டாம். வயதான காளையை நுகத்திலிருந்து அவிழ்த்து விடுவதில்லையா, அதுபோலத்தான். களத்துமேட்டில் நல்ல வெளிச்சம், இரண்டு நாய்கள், கூப்பிட்டால் ஓடிவரும் பக்கத்துத் தோட்டக்காரரின் போன் நம்பர், இந்த மூன்றும் உங்கள் வயதுக்கு ரிவால்வரைவிட நல்ல காவல்.

ஒன்று மட்டும் கூடுதலாக. எந்த நிலையிலும் இதைக் காட்டுப்பன்றி மேல் நீட்டிவிடாதீர்கள். தற்காப்பு உரிமம் அதற்கு இல்லை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே நிற்கும். பன்றித் தொல்லைக்கு வனச்சரக அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாக மனு கொடுங்கள்.

உங்கள் கடிதத்தில் இருந்த மிளகுக்கொடி வாடல் கேள்விக்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன். அதற்குள் துப்பாக்கியைக் கடைக்குக் கொண்டுபோய் வந்து, என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள், ஐயா.