யார் காட்டுமிராண்டி?

அண்மையில் நாகூரில் ஒரு நிக்காஹ் விருந்து. யத்தீம்கானாப் பிள்ளைகளையும் அழைத்திருந்தனர். எனினும் ஏனையோர் உண்டெழுந்த பின்னரே அவர்களுக்குச் சஹன் வைக்கப்பட்டது. காரணம் வினவினோம். "கண்டிக்க ஆளின்றி வளர்ந்தவை; நம் பிள்ளைகளையும் கெடுத்துவிடும்" என்றார் ஒரு பெரியவர். அஃறிணையிலேயே சொன்னார்! அண்ணல் நபி (ஸல்) அவர்களே யத்தீமாக வளர்ந்தவர்கள் என்பது அந்தப் பந்தியில் ஒருவர் நினைவுக்கும் வரவில்லை. பெரியவர் படித்தவர், ஆங்கில நாவலொன்றைச் சான்றுக்கு இழுத்தார்.

அந்நாவலை நாமும் அறிவோம். வில்லியம் கோல்டிங் 1954இல் எழுதியது. ஆளற்ற தீவில் சிக்கிய சிறுவர்கள் ஒழுங்கிழந்து, ஈற்றில் கொலையும் செய்கிறார்கள். 1983இல் கோல்டிங் நோபல் பரிசு பெற்றார். கற்பனைக்குக் கிடைத்த பரிசைச் சாட்சியத்துக்குக் கிடைத்ததாக நம்மவர் எண்ணிக்கொண்டார் போலும்! அச்சிறுவர்கள் தீவில் விழுந்ததே பெரியவர்கள் மூட்டிய போரினால். மீட்க வருபவரும் போர்க்கப்பல் அதிகாரியே. இதை அவர் சொல்லவில்லை.

மெய்யாக நடந்தது வேறு. 1965இல் பசிபிக் கடலின் தொங்கா நாட்டு மாணவர் அறுவர், பிறர் படகொன்றைக் கேளாமல் எடுத்துச் சென்று புயலில் சிக்கி, அட்டா என்னும் ஆளற்ற தீவில் ஒதுங்கினர். பதினைந்து மாதங்கள் அங்கே வாழ்ந்தனர். இருவர் இருவராய் வேலையைப் பங்கிட்டனர், தோட்டமிட்டனர், மூட்டிய தீயை அணையாது காத்தனர். சச்சரவு எழுந்தால் சினம் ஆறும்வரை விலகியிருந்தனர். ஒருவன் கால் முறிந்தபோது மற்றவர்களே கட்டுப்போட்டுப் பேணினர். 1966 செப்டம்பரில் ஆஸ்திரேலியரான பீட்டர் வார்னர் கண்டெடுத்தபோது அறுவரும் நலமாயிருந்தனர். ஊர் திரும்பியதும் படகுக்காரரின் புகாரில் அவர்களைச் சிறையிலடைத்தவர்கள் யார்? பெரியவர்களன்றோ!

தொங்கா தொலைவென்றால் நம் கரைக்கே வருவோம். 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. பெற்றோரை இழந்த பிள்ளைகள் நாகப்பட்டினத்தில் அன்னை சத்யா அரசு குழந்தைகள் காப்பகத்தில் வளர்ந்தனர். அன்றைய ஆட்சியர் ஜெ. இராதாகிருஷ்ணன் மாற்றலாகிச் சென்ற பிறகும் அவர்களைத் தேடி வந்தார். அங்கு வளர்ந்த பெண்கள் படித்து, மணமுடித்துக் குடும்பம் நடத்துகிறார்கள். கடல் மிச்சம் வைத்த இப்பிள்ளைகள் யாரை வேட்டையாடினார்கள்?

அதுவும் வேண்டாம். வாப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ சபரில் இருக்க, ஆண்டுக்கணக்கில் அவர் முகம் காணாது வளர்ந்தவர்கள் நம் தெருக்களில் எத்தனை பேர்! விருந்தில் தீர்ப்புரைத்த பெரியவரும் அவ்வாறு வளர்ந்தவர்தாம். அவரை எவரும் கடைசிப் பந்திக்குத் தள்ளவில்லை.