விசாரிக்கும் முன் பழி எதற்கு?



எங்கள் கொட்டாம்பட்டியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் மேலூர், மதுரை என்று பஸ் ஏறிப் போய், கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கணக்கு எழுதும் பெண்கள் இன்று நிறையப் பேர். நம் மகளோ, மருமகளோ அதில் ஒருத்தியாக இருக்கலாம். பணத்தில் குறைவு வந்தால் அவளிடம் கேட்கப்படும் முதல் கேள்வி என்ன தெரியுமா? "நீதானே அங்க உட்கார்ந்திருந்தே?"

முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான் கம்ப்யூட்டரை இயக்க முடியும் என்பதில்லை. எங்கோ இருக்கிற திருடனும் இன்டர்நெட் வழியாகப் புகுந்து இயக்கலாம்.

கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் 2018 பிப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் கம்ப்யூட்டரோடு இணைந்த பிரிண்டர் 6-ம் தேதி வேலை செய்யவில்லை. 7-ம் தேதி கணக்கைச் சரிபார்த்தபோதுதான், வங்கி அனுப்பாமலேயே மூன்று தடவை பணம் போயிருப்பது தெரிந்தது. துபாய், துருக்கி, சீனா என்று மொத்தம் சுமார் 20 லட்சம் டாலர்! பிரிண்டர் ரிப்பேர் இல்லை; தாங்கள் அனுப்பியது தாளில் தெரியக் கூடாதென்று திருடர்களே அதை முடக்கியிருந்தார்கள். துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் தடுக்கப்பட்டது. இது சர்வதேசத் திருடர்களின் வேலை, ஊழியர்களுக்குத் தொடர்பு இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்று வங்கியே அறிவித்தது. 2016-ல் பங்களாதேஷ் மத்திய வங்கியில் 8 கோடியே 10 லட்சம் டாலர் திருடு போனபோதும் இதே பிரிண்டர் தந்திரம்தான்.

பெரிய வங்கி ஊழியருக்குக் கிடைத்த அந்த நியாயம், சின்ன ஆபீஸில் மாதச் சம்பளத்துக்குப் போகும் நம் பெண்ணுக்கு வேண்டாமா?

யார், எப்போது, எங்கிருந்து உள்ளே வந்தார்கள் என்ற பதிவு பெரும்பாலும் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். முதலாளிமார் ஆளை மிரட்டுவதை விட்டு அதைப் பார்க்கட்டும். சந்தேகம் வந்தால் முதலில் நெட் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். எதையும் அழிக்கவோ, "ஃபார்மட்" செய்யவோ கூடாது. அழித்தால் சாட்சியும் போச்சு! பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்ய வேண்டும். மோசடி எண்ணத்தோடு அடுத்தவர் கம்ப்யூட்டரில் புகுந்தால், 2000-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு.

வேலைக்குப் போகும் பெண்களும் தங்களுக்கென்று தனிப் பாஸ்வேர்டு கேட்டு வாங்குங்கள். நாலு பேருக்கு ஒரே பாஸ்வேர்டு என்றால் யார் மேலும் பழி போடலாம். மவுஸ் தானாக நகர்ந்தாலோ, பிரிண்டர் திடீரென்று நின்றாலோ நேரத்தைக் குறித்து, எழுத்து மூலமாகச் சொல்லிவிடுங்கள்.

நம் வீட்டுப் பெண் ஒருநாள் அழுதுகொண்டே வந்தால், "நீ என்னம்மா பண்ணினே?" என்று நாமும் கேட்க வேண்டாம். "பதிவைப் பார்த்தாங்களாம்மா?" என்று கேட்போம்.

- ஒரு வாசகி, கொட்டாம்பட்டி.