அகற்ற வேண்டியது பிள்ளையையா, ஆபத்தையா?

பிள்ளையொன்றை அதன் வீட்டிலிருந்து பிரித்தெடுப்பதைக் காட்டிலும் கடினமான முடிவு ஒரு சமூகத்தின் முன் வருவது அரிது. பிரிக்காமல் விட்டதனால் ஒரு பிள்ளை மாண்டால் நாடே அழும், பத்திரிகைகள் எழுதும், விசாரணைகள் நடைபெறும். பிரித்துவிட்டதனால் ஒரு பிள்ளை உள்ளம் வாடி, உறவற்று வளர்ந்தால் அதற்காக அழுவார் இலர். அத் துயரம் வெளியே தெரிவதில்லை. தெரியும் துயரத்துக்கும் தெரியாத துயரத்துக்கும் நடுவே நின்று தீர்மானிக்க வேண்டியவர்கள் நீதவானும் நன்னடத்தை உத்தியோகத்தரும் மட்டுமல்லர். முதலில் கண்டு, முதலில் வாய் திறக்க வேண்டியவர்கள் பக்கத்து வீட்டாரும் வகுப்பாசிரியருமே. ஆதலின் இவ்வாரம் இதனைப் பற்றிச் சிறிது ஆராய்வோம்.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், முல்லைத்தீவு மாவட்டத்தில் வெலிஓயா என இன்று வழங்கும் மணலாற்றுப் பகுதியில், நான்கு வயதுப் பிள்ளை ஒன்றை ஆடவர் ஒருவர் ஈவிரக்கமின்றித் தாக்கும் காட்சி கைத்தொலைபேசிகளின் வழியே நாடெங்கும் பரவியது. கண்டவர் பதறினர். சந்தேக நபரைப் பொலிஸார் புல்மோட்டையில் கைது செய்தனர். பொலிஸாரின் விரைவை நாம் பாராட்டுகிறோம். எனினும் நம் உள்ளத்தை உறுத்தும் கேள்வி ஒன்று உண்டு. அப் பிள்ளையின் துன்பம் நாட்டுக்குத் தெரிய ஒரு காணொளி வேண்டியிருந்தது. காணொளி எடுப்பார் எவருமில்லாத வீடுகளில் நடப்பதை யார் அறிவார்?

வன்னிப் பெருநிலத்தின் நிலையை இங்கே நினைத்துப் பார்த்தல் வேண்டும். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்தபோது, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் மக்கள் ஏறக்குறைய முழுமையாகவே இடம்பெயர்ந்து, வவுனியாவின் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைபட்டிருந்தனர். மெனிக் பாம் மூடப்பட்டது 2012ஆம் ஆண்டு செப்டெம்பரிலேதான். மீண்டும் குடியேறியவர்கள் வீட்டைக் கட்டினார்கள், வயலைத் திருத்தினார்கள், ஆனால் அயலைக் கட்டுவது வீட்டைக் கட்டுவதைப் போல் எளிதன்று. முன்னொரு காலத்தில் பிள்ளையின் அழுகுரல் கேட்டால் வேலிப் பொட்டுக்குள்ளால் ஓடிவரும் பெரியம்மாவும் மாமியும் இருந்தார்கள். போர் அவர்களிற் பலரைக் கொண்டுபோயிற்று. வேறு பலரைக் கடல் கடந்து அனுப்பிற்று. கணவனை இழந்து தனித்துக் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் பலர். கூலி வேலைக்கும் வெளிநாட்டு வீட்டுவேலைக்கும் போன தாய்மாரின் பிள்ளைகளை அம்மம்மாமார் தளர்ந்த உடலோடு காத்து வருகின்றனர். கடன் ஒருபுறம், கசிப்பு ஒருபுறம், ஆறாத மனக்காயம் ஒருபுறமாக அழுத்தும் வீடுகளில், எல்லாரிலும் சிறியவர் மீதே எல்லாருடைய பாரமும் இறங்குகிறது.

இனி, இரண்டு வீடுகளை எண்ணிப் பார்ப்போம். ஒன்று, குளக்கட்டின் அருகே தகரக் கூரையிட்ட கொட்டில். தாய் விடியுமுன்னரே கூலிக்குப் போய்விடுகிறாள். எட்டு வயது மூத்த மகள் தம்பியைப் பார்த்துக்கொள்வதனால் பாடசாலைக்குப் போவதில்லை. உடுப்புக் கிழிந்திருக்கிறது, மதியச் சோறு நிச்சயமில்லை. மாலையில் தாய் வந்ததும் இரு பிள்ளைகளும் ஓடிச்சென்று அவளைக் கட்டிக்கொள்கின்றன. மற்றொன்று, ஓடு வேய்ந்த வீடு. பிள்ளை வெள்ளைச் சீருடையோடு நாள்தோறும் பாடசாலைக்கு வருகிறது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் இரவில் ஒருவருடைய காலடி ஓசை கேட்டதும் அது கட்டிலின் கீழே ஒளிந்துகொள்கிறது. பாடசாலை விடும் மணி அடித்ததும் மற்றப் பிள்ளைகள் துள்ளியோட, அது மட்டும் புத்தகங்களை மெல்ல மெல்ல அடுக்குகிறது.

இவ்விரு வீடுகளிலும் எது ஆபத்தானது என்று வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் ஊரில் நடப்பது என்ன? முதல் வீட்டைக் கண்டு நல்ல மனமுடையோர், “பாவம், இந்தப் பிள்ளைகளை ஒரு சிறுவர் இல்லத்திற் சேர்த்துவிடலாம்” என்கின்றனர். இரண்டாவது வீட்டைக் கண்டு, “வீட்டுக்கு வீடு வாசற்படி, நமக்கேன் வம்பு” என்று போய்விடுகின்றனர். வறுமை கண்ணுக்குத் தெரிகிறது; கொடுமை கதவடைத்துக்கொள்கிறது. நம் தவறுகளிற் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

இலங்கையின் சிறுவர் இல்லங்களில் வாழும் பிள்ளைகளுட் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடிருக்கின்றனர். அநாதைகள் என்று நாம் நினைத்திருக்கும் பலர் உண்மையில் அநாதைகளல்லர். வறுமையும் படிப்பு வசதியின்மையுமே பலரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவை. போர்க்காலத்திலும் அதன் பின்னரும் வன்னியிலுள்ள இல்லங்கள் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சோறும் எழுத்தும் ஈந்தன என்பதை நாம் நன்றியோடு நினைக்கிறோம். எனினும், இல்லத்தில் சோறு கிடைக்கும். ‘என் அம்மா’ என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆள் கிடைப்பது அரிது. ஐக்கிய நாடுகள் சபை 2009ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகள், வறுமை ஒன்றையே காரணமாகக் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரித்தல் ஆகாது என்று கூறுகின்றன. அக்கொட்டிலுக்கு வேண்டியது ஒரு வேளைச் சோறும், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஒரு முன்பள்ளியும், தாய்க்கு அருகிலேயே ஒரு தொழிலும். பிள்ளைகளைப் பிரிப்பதற்கு ஆகும் செலவில் இவற்றைச் செய்துவிடலாம்.

பிரிவின் தீங்கு வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. 1951ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேய மருத்துவர் ஜோன் போல்பி உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு எழுதிய அறிக்கையில், தாயன்பு தடைப்படுவதால் பிள்ளைகளின் மனவளர்ச்சிக்கு நேரும் கேட்டினை விரிவாக எடுத்துக் காட்டினார். பின்னர் ருமேனியாவின் தலைநகராகிய புக்காரெஸ்டில், இல்லங்களில் வளர்ந்த 136 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடைபெற்றது. சீட்டெடுப்பது போன்ற முறையில் ஒரு பாதியினர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். குடும்பத்துக்குச் சென்றவர்கள் அறிவிலும் அன்புப் பிணைப்பிலும் தேறினர். இரண்டு வயதுக்கு முன்னர் சென்றவர்கள் மேலும் நன்கு தேறினர். எனவே பிரிக்க நேர்ந்தாலும், ஒரு குடும்பத்திலிருந்து எடுத்த பிள்ளையை இன்னொரு குடும்பத்திலேயே வைக்க முயல வேண்டும் என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடமாகும்.

அப்படியாயின் எந்த நிலையிலும் பிரிக்கலாகாதோ என்று சிலர் கேட்கலாம். அதுவும் பிழை. இங்கிலாந்தில் மரியா கோல்வெல் என்னும் சிறுமி ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக அத்தை வீட்டில் அன்போடு வளர்ந்தவள். பெற்ற தாயின் உரிமையே பெரிதென்று கருதி அவளைத் தாயிடமும் மாற்றாந்தகப்பனிடமும் திருப்பி அனுப்பினர். அயலவரும் ஆசிரியரும் பன்முறை முறையிட்டும் பயனின்றி, 1973ஆம் ஆண்டு தை மாதத்தில், ஏழு வயதில், மாற்றாந்தகப்பனின் அடியால் அவள் மாண்டாள். அதே நாட்டின் கிளீவ்லாந்தில் 1987ஆம் ஆண்டு இதற்கு நேர்மாறு நடந்தது. மருத்துவர் இருவரின் கண்டறிதலை நம்பி, பாலியற் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று 121 பிள்ளைகளுக்குச் சில மாதங்களுக்குள் முடிவு கூறப்பட்டது. அவர்களுட் பலர் வீடுகளிலிருந்து பிரிக்கப்பட்டனர். பின்னர் பெரும்பாலோர் பெற்றோரிடமே திரும்ப ஒப்படைக்கப்பட்டனர். முன்னதில் அயலவரின் சொல்லுக்குச் செவி சாய்க்கவில்லை. பின்னதில் ஒரு சான்றை மட்டும் பிடித்துக்கொண்டு பிள்ளையின் சொல்லையும் குடும்பத்தின் நிலையையும் போதிய அளவு ஆராயவில்லை. தயக்கமும் அவசரமும் ஆகிய இரண்டுமே பிள்ளைக்குப் பகை.

நம் நாட்டுச் சட்டம் இந்த இரண்டுக்கும் நடுவே பல படிகளை வைத்திருக்கிறது என்பதைப் பலர் அறியார். 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையைப் பற்றி வகுத்த வழிகளைப் பாருங்கள். பிள்ளையைச் சரிவரப் பராமரிப்பதாகப் பெற்றோரிடம் நீதிமன்றம் பிணைமுறி பெறலாம். பிள்ளையை வீட்டிலேயே இருத்தி, குறித்த காலத்துக்கு நன்னடத்தை உத்தியோகத்தரின் கண்காணிப்பில் வைக்கலாம். உறவினராயினும் பிறராயினும் தகுதியுள்ள ஒருவரின் பொறுப்பில் விடலாம். இவற்றோடு, அங்கீகரிக்கப்பட்ட நிலையம் ஒன்றுக்கு அனுப்பும் வழியும் உண்டு. அதுவே இறுதிப் படியாக இருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து. இலங்கை 1991ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயமும், பெற்றோரிடமிருந்து பிரிப்பது பிள்ளையின் நலனுக்கு அவசியமென உரிய அதிகாரிகள் தீர்மானித்தாலன்றிப் பிரித்தல் கூடாதென்றும், அத் தீர்மானமும் நீதிமன்றத்தின் பரிசீலனைக்கு உட்பட்டதென்றும் கூறுகிறது.

இன்னும் ஒரு வழி உண்டு. நாம் இத் தலைப்பைத் தெரிந்தெடுத்ததே அதன் பொருட்டுத்தான். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், அடிக்கிறவரை அந்த வீட்டுக்குள் வராதபடி நீதவான் தடுக்கலாம். முதலில் 14 நாட்களுக்கு இடைக்காலக் கட்டளை. பின்னர் 12 மாதம் வரையிலான பாதுகாப்புக் கட்டளை. பிள்ளையின் சார்பில் தாயோ, பொலிஸ் உத்தியோகத்தரோ இதற்காக விண்ணப்பிக்கலாம். குற்றம் செய்தவர் வீட்டில் இருக்க, துன்பப்பட்ட பிள்ளை பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியேறுவது என்ன நீதி? அடிபட்ட பிள்ளைக்குத் தன் பாடசாலையும் தோழரும் தாயும் மிஞ்சட்டும். வெளியேற வேண்டியவர் வெளியேறட்டும்.

இதற்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் அரிசிப் பானைதான். “அவரை அனுப்பிவிட்டால் நாளைக்கு உலை வைப்பது எப்படி?” என்று தாய் அஞ்சுகிறாள். அவளைக் கோழை என்று ஏசுவதில் பயனில்லை. மாதர் சங்கமும் கோயில் தர்மகர்த்தாக்களும் தேவாலயச் சபையும், வெளிநாட்டிலிருந்து திருவிழாவுக்குப் பணம் அனுப்பும் உறவினரும், அத்தகைய தாய்க்கு ஆறு மாதம் துணை நிற்க முன்வந்தால், எத்தனையோ பிள்ளைகள் வீட்டை இழக்க மாட்டா.

ஆயினும் ஒரு நாளேனும் தாமதிக்கலாகாத நிலைகள் உண்டு. எலும்பு முறிவு, தீச்சூடு, மீண்டும் மீண்டும் தோன்றும் காயம், பாலியற் கொடுமை, ஆயுதத்தால் மிரட்டல் ஆகியவை காணப்பட்டாலும், காக்க வேண்டிய பெரியவரே உண்மையை மறைத்தாலும், ‘வீட்டுக்குப் போகப் பயமாயிருக்கிறது’ என்று பிள்ளை தானே சொன்னாலும், அன்றே அறிவிக்க வேண்டும். இவற்றை ஊர்ப் பெரியவர்கள் கூடிச் சமாதானம் பேசித் தீர்க்க முற்படுவது பெரும் பாவம். “அடியாத மாடு படியாது” என்பது மாட்டுக்காரன் சொல்; பிள்ளைக்கு அது பொருந்தாது. 1995ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவைத் திருத்தம் சிறுவர்க்குக் கொடுமை இழைத்தலைத் தனிக் குற்றமாகவே ஆக்கியுள்ளது. குடும்ப மானம் என்று நாம் மூடி வைப்பது குற்றம் ஒன்றைத்தான்.

அறிவிப்பது தீர்ப்பளிப்பதன்று என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். பிள்ளையைப் பிரிப்பதா இல்லையா என்று அயலவர் முடிவு செய்ய வேண்டியதில்லை. கண்டதைக் கண்டபடி சொன்னாற் போதும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் இலக்கத்துக்குக் கட்டணமின்றித் தொலைபேசியில் பேசலாம். பிரதேச செயலகத்தில் நன்னடத்தை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கின்றனர். ஆசிரியராயின் பிள்ளை சொன்ன சொற்களை, நாளும் நேரமும் இட்டு, அப்படியே குறித்து வையுங்கள். துருவித் துருவிக் கேட்டு, பிள்ளையை அத் துன்பத்தை மறுபடியும் அநுபவிக்கச் செய்யாதீர்கள். காணொளி கையிலிருந்தால் பொலிஸாரிடம் கொடுங்கள்; ஊரெல்லாம் பரப்பாதீர்கள். இன்று அப் பிள்ளைமேல் இரக்கங்கொண்டு நாம் அனுப்பும் படம், பத்தாண்டு கழித்து அதன் பள்ளித் தோழரின் கையில் ஏளனப் பொருளாய் வந்து சேரும்.

பிரிக்கத்தான் வேண்டுமென்று நீதிமன்றம் கண்டால், அம்மம்மாவோ சித்தியோ மாமாவோ உள்ளனரா என்பதை முதலில் தேட வேண்டும். உடன்பிறந்தாரைப் பிரிக்கலாகாது. இயன்றவரை அதே பாடசாலையிற் படிக்க விட வேண்டும். “நீ குழப்படி செய்ததனால் அனுப்புகிறோம்” என்று பொய் சொல்லாமல், “உன்மேல் பிழை இல்லை, நீ பாதுகாப்பாய் இருப்பதற்காகவே இப்படிச் செய்கிறோம்” என்று சொல்ல வேண்டும். எப்போது மீண்டும் ஆராய்வது என்பதற்கு ஒரு நாளும் குறிக்க வேண்டும். நாள் குறிக்காது அனுப்பப்பட்ட பிள்ளை கோவைக் கட்டுகளுக்குள் மறைந்துபோகும். மூன்று மாதத்துக்கென்று சென்றது பத்து ஆண்டுகளாய் நீளும்.

இக் கட்டுரையைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு சொல். உங்கள் வகுப்பிலே, மணி அடித்த பின்னும் புத்தகங்களை மெல்ல அடுக்கும் தோழன் ஒருவன் இருக்கக்கூடும். அவனை ஏளனம் செய்யாதீர்கள். நீங்கள் நம்பும் ஆசிரியர் ஒருவரிடம் அவனைப் பற்றிச் சொல்லுங்கள்; அது கோள் சொல்வதாகாது. பெரியோர்க்கு நாம் சொல்வது இதுவே: ஒரு பிள்ளையை எங்கே கொண்டுபோய் விடலாம் என்று எண்ணுமுன்னர், அவ்வீட்டின் ஆபத்து எது, அது யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். ஆபத்து பசியாயின் சோறு அனுப்புங்கள். ஆபத்து ஓர் ஆளாயின் அவரை வெளியேற்றும் வழியைத் தேடுங்கள். இரண்டும் இயலாதபோது பிள்ளையை எடுங்கள். ஆனால் அதற்கு ஒரு மடியை ஆயத்தம் செய்துகொண்டு எடுங்கள்.