நட்டஈடு தருமம் அன்று

கோழிக்கூட்டைக் காலையில் திறக்கும்போது பத்துக் கோழிகள் இறந்து கிடக்கின்றன. இதனை முதலில் காண்பவர் கால்நடை வைத்தியர் அல்லர், கோழி வளர்ப்பவரே. அவர் உடனே அறிவித்தால் நோயை அப்பண்ணையோடு நிறுத்த வழியுண்டு. மறைத்தால் அது அயலெங்கும் பரவும்.

எச்5என்1 பறவைக் காய்ச்சல் கண்ட கோழிகளைச் சிகிச்சையால் காப்பாற்ற முடியாது. எச்சம், கூடு, பாதணி, வாகனச் சில்லு என்பவற்றின் மூலமும் வைரசு பரவும். எனவேதான் நோயற்றவை போலத் தோன்றும் அயற் பறவைகளையும் அழிக்க நேர்கிறது. 1997ஆம் ஆண்டு ஹொங்கொங்கில் 18 பேரை இந்நோய் தொற்றியது. அவர்களுள் 6 பேர் இறந்தனர். அவ்வாண்டு இறுதியில் அங்கிருந்த பத்து இலட்சத்துக்கும் அதிகமான கோழிகள் சில நாட்களில் கொல்லப்பட்டன. உரிமையாளருக்கு நட்டஈடு வழங்கப்பட்டது. மனிதரிடையே தொற்றும் அத்துடன் நின்றது.

ஆனால், கோழியை நம்பியே பிள்ளைகளின் கொப்பிக்கும் புத்தகத்திற்கும் பணம் தேடும் குடும்பத்தின் நிலை என்ன? வியட்நாமில் 2004இல் நான்கு கோடிக்கும் அதிகமான பறவைகள் இறந்தன அல்லது அழிக்கப்பட்டன. அப்போது கிடைத்த நட்டஈடு சந்தை விலையில் ஒரு சிறு பங்கே. இந்நிலையில் ஒருவர் நோயுற்ற கோழிகளை இரவோடிரவாக விற்க முனைந்தால், குற்றம் அவருடையது மட்டுமன்று. 2005இல் அந்நாட்டு அரசு அத்தொகையைச் சந்தை விலையின் ஏறத்தாழப் பாதியாக உயர்த்தியது.

“அரசு பணத்தை அள்ளிக் கொடுத்தால் மக்கள் கவனயீனமாக இருப்பர்” என்று சிலர் வாதிடுவர். இதில் ஓரளவு உண்மை உண்டு. அதற்குப் பரிகாரம் நட்டஈட்டை நிறுத்துவதன்று. அதனைச் சரியாக வகுப்பதாகும். தொகை சந்தை விலையை விஞ்சலாகாது. அதேவேளை அற்பமாகவும் இருக்கலாகாது. உயிருடன் அழிக்கப்பட்ட பறவைகளுக்கே பணம் என்று விதித்தால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் உரிமையாளருக்கே நட்டமாகும். ஆகவே அவர் விரைந்து அறிவிப்பார். பணமும் மாதக்கணக்கில் இழுபடாமல் கையில் சேர வேண்டும். வெள்ளம் வருமுன் அணை கட்ட வேண்டும் என்பதற்கிணங்க, அதற்கான நிதியை முன்னரே ஒதுக்கி வைப்பது அவசியம்.

மாணவர்களே, ஊரின் நலனுக்காக ஒருவர் தம் பிழைப்பை இழக்கிறார். அந்த இழப்பில் ஊரும் பங்கேற்பதே நீதி. ஆகவே நட்டஈடு தருமம் அன்று. அது நோய்த்தடுப்பின் ஓர் அங்கம் என்பதே என் கருத்தாகும்.