பூமுகத்தைப் பார்க்காமல் போகலாமா?

ஏலூர் ஆலைகளுக்கு வேலைக்கு வந்து இங்கேயே வேரூன்றிவிட்ட நம் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து விருந்தினர் வந்தால், அழைத்துச் செல்லும் முதல் இடம் மட்டாஞ்சேரி அரண்மனைதான். 1555-இல் போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்தது. 1663-இல் டச்சுக்காரர் செப்பனிட்டதால் டச்சு அரண்மனை என்றே பெயர் நிலைத்துவிட்டது. உள்ளே இராமாயண ஓவியங்கள் கண்ணைப் பறிக்கும். வாசல் வெகு சாதாரணம்.

வாசலிலேயே கலையைக் காண வேண்டுமானால் தக்கலை அருகே பத்மநாபபுரம் போக வேண்டும். அங்கே முகப்பு மண்டபத்துக்குப் பூமுகம் என்று பெயர். மலையாளச் சொல்தான், தமிழனுக்கு அகராதி தேவையில்லை. மரக் கூரையை அண்ணாந்து பார்த்தால் 90 பூக்கள். ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. நடுவில் குதிரை விளக்கு தொங்குகிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே நிற்கும்படி அதன் சங்கிலியைக் கோத்திருக்கிறான் ஒரு கம்மியன். அவன் பெயர் யாருக்குத் தெரியும்?

பூமுகத்துக்கு நேர் மேலேதான் மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலை. 1750-இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்து, பத்மநாபதாசராக ஆண்டவர். போரிலும் சளைத்தவர் அல்லர். அப்படிப்பட்டவரின் வாசலில் வருவோரை மிரட்டச் சிங்கமும் வாளும் இல்லை. தலைக்கு மேல் வாடாத பூக்கள். அதிகாரம் பணிவோடு வரவேற்க வேண்டும் என்பதை மரத்தில் எழுதிவைத்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

1956 நவம்பர் 1-இல் அந்த மண் தமிழகத்தோடு சேர்ந்தது. அரண்மனையைப் பராமரிப்பதோ கேரளத் தொல்லியல் துறை. இது என்ன நியாயம் என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. எனக்கு அதில் குறையில்லை. இரு மொழிக்காரரும் தச்சரைத் தச்சர் என்றும் ஆசாரி என்றும் ஒன்றுபோலவே அழைக்கிறோம். அவர்கள் கைவேலை கெடாமல் இருந்தால் சாவி யாரிடம் இருந்தால் என்ன?

என் கவலை வேறு. சென்ற முறை ஒரு சுற்றுலாக் குழுவோடு போனபோது, பூமுகத்தில் ஐந்து நிமிடம்கூட நிற்கவிடாமல் எங்களை உள்ளே விரட்டினார்கள். படம் எடுத்த பிள்ளைகளில் ஒருவரும் மேலே பார்க்கவில்லை.

கோடை விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் தமிழ்ச் சங்கத்தார் அந்த வாசலுக்கு மட்டும் அரைமணி நேரம் ஒதுக்க வேண்டும். நம்மிடையே தச்சு வேலை தெரிந்த பெரியவர் யாரேனும் இருந்தால் அவரையும் கூட்டிப் போகலாம். எந்த உளியால் எந்த இதழைச் செதுக்கினார்கள் என்று அவர் சொல்லுவார். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. அதை மறந்து கிளம்பிவிடாதீர்கள்.